சித்திரங்களை ஆளும் ஏடு

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்திலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு 1994ஆம் ஆண்டில் வெளியுலகத்தோடு பேசுவதற்கு இருந்த வழி ஒன்றே ஒன்று. அது வினாடிக்கு 64 கிலோபிட் மட்டுமே செல்லக்கூடிய ஓர் இணைப்பு. இன்று சட்டைப்பையில் கிடக்கும் சாதாரணக் கைபேசி அதைப்போல் நூறு மடங்குக்கும் மேலான வேகத்தை அலட்சியமாகப் பெற்றுக்கொள்கிறது. அன்றோ, அந்த ஒற்றை இழையை நம்பியே ஒரு கல்வி ஸ்தாபனம் முழுவதும் இருந்தமையால், அது எப்படி நடக்கிறது, எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று அறியும் ஆவல் எல்லாருக்கும் இருந்தது. அங்கே பணியாற்றிவந்த டோபியாஸ் ஓட்டிகர் என்பவர், எல்லாரும் அறிய விரும்பிய விஷயத்தை எல்லாரும் கண்ணாலேயே காணட்டும் என்று, அவ்விணைப்பில் போகும் சுமையையும் வரும் சுமையையும் ஓயாமல் புதுப்பித்துக் காட்டும் ஒரு வரைபடத்தை வலைப்பக்கத்தில் ஏற்றினார். அந்தச் சிறு முயற்சியே வளர்ந்து, 1995ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எம்.ஆர்.டி.ஜி. என்ற பெயரோடு உலகத்துக்கு வெளியிடப்பட்டது.

பச்சை நிறத்தில் ஒரு மேடும், அதன்மேல் நீல நிறத்தில் ஒரு கோடுமாக விளங்கிய அந்தப் படம், உலகமெங்கும் உள்ள கணினி நிர்வாகிகளுக்கு மிகவும் பரிச்சயமான சித்திரமாயிற்று. படத்தைப் பார்த்தவர்கள் பல்லாயிரவர். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னே, கான்ஃபிக் ஃபைல் என்று நாம் அன்றாடம் சொல்லும் அமைப்புக் கோப்பு ஒன்று இருந்ததையும், படம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது, எவ்வளவு காலம் நினைவில் வைக்கலாம், யாருக்குக் காட்டலாம் என்பவற்றையெல்லாம் அதுவே தீர்மானித்தது என்பதையும் எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அந்த ஏட்டின் சரித்திரத்தைச் சொல்லுவதே இங்கே நமது நோக்கம்.

எண்களைப் படமாக வரையும் கலை புதியதன்று. 1786ஆம் ஆண்டிலேயே வில்லியம் பிளேஃபேர் என்பவர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டவை. எந்த ஆண்டில் தொடங்குவது, எந்த அளவுகோலைக் கொள்வது, எந்தக் கோட்டுக்கு எந்த நிறம் தீட்டுவது என்ற தீர்மானங்களையெல்லாம் ஆசிரியர் அருகிலிருந்தே செய்து முடித்த பிறகுதான் படம் பிறந்தது. பிறந்தபின் அது மாறவும் இல்லை. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே வரைந்துகொள்ளும் படத்துக்கு அருகில் எவரும் இருப்பதில்லை. வரைகிறவர் உறங்கும்போதும் அது வரையப்படுகிறது, அவர் வேலையை விட்டுப் போன பின்னும் வரையப்படுகிறது. ஆகையால் அவருடைய விருப்பம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட வேண்டியதாயிற்று. குடும்பத் தலைவர் தாம் இல்லாத காலத்தில் சொத்து இன்னவாறு நடக்க வேண்டும் என்று உயில் எழுதிவைப்பது போன்றதே இதுவும். உயிலில் ஒரு சொல் பிறழ்ந்தால் வாரிசுகள் எவ்வளவு அல்லற்படுவார்களோ, அவ்வளவு அல்லல் இந்த ஏட்டில் ஓர் எண் பிறழ்ந்தாலும் உண்டாகும்.

எம்.ஆர்.டி.ஜி.யின் ஏட்டிலிருந்தே ஒரு வரியை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். 'மேக்ஸ்பைட்ஸ்' என்பது அதில் வரும் ஒரு கட்டளைச் சொல். இணைப்பு தாங்கக்கூடிய மிகப் பெரிய அளவை, வினாடிக்கு இத்தனை பைட் என்று அங்கே எழுத வேண்டும். 64 கிலோபிட் இணைப்பென்றால், எட்டு பிட் கொண்டது ஒரு பைட் ஆதலால், 8000 என்று எழுதுவது முறை. அளந்து வந்த எண் இந்த எல்லையைக் கடந்தால், ரௌட்டர் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டது என்று கருதி நிரல் அதைத் தள்ளிவிடும். இது நல்ல விதிதான். ஆனால் சில ஆண்டுகள் கழித்து இணைப்பை விரிவாக்கிவிட்டு, ஏட்டிலுள்ள எண்ணை மட்டும் மாற்ற மறந்துவிட்டால் என்ன ஆகும்? எல்லையைக் கடந்த உண்மையான அளவுகளெல்லாம் பொய்யென்று தள்ளப்படும். நெரிசல் மிகுந்த நேரத்தில்தான் படம் வெறிச்சென்று கிடக்கும். படம் பொய் சொல்லவில்லை. என்றோ ஒருவர் எழுதிவைத்த உண்மைக்கு அது இன்றும் விசுவாசமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஏட்டில் 'டார்கெட்' என்ற வரியில், எந்த ரௌட்டரைக் கேட்பது என்பதோடு, அதனிடம் சொல்ல வேண்டிய அடையாளச் சொல்லும் இடம்பெறும். எஸ்.என்.எம்.பி. என்ற அந்தப் பழைய உரையாடல் முறையில், பெரும்பாலான கருவிகள் 'பப்ளிக்' என்ற சொல்லையே அடையாளமாகக் கொண்டு விற்பனைக்கு வந்தன. அதுவும் கம்பியில் மறைவின்றி வெளிப்படையாகவே சென்றது. ஊரறிந்த ரகசியம் ரகசியமாகாது. ஆயினும் அக்காலத்தில் இதைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவர்கள் சிலரே. கருவியைக் கேட்பவரும், ஏட்டை எழுதுபவரும், படத்தைப் பார்ப்பவரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். நம்பிக்கை என்பது எழுதிவைக்க வேண்டாத பொருளாக இருந்த காலம் அது.

அடுத்து எழுந்த பிரச்சினை ஞாபகத்தைப் பற்றியது. ஐந்து நிமிஷத்துக்கு ஓர் எண் என்று என்றென்றைக்கும் சேர்த்துக்கொண்டே போனால் வட்டு நிரம்பிவிடும். எம்.ஆர்.டி.ஜி. இதற்கு ஓர் உபாயம் கண்டிருந்தது: நாட்படத்துக்கு ஐந்து நிமிஷச் சராசரி, வாரப்படத்துக்கு அரைமணிச் சராசரி, மாதப்படத்துக்கு இரண்டுமணிச் சராசரி, ஆண்டுப்படத்துக்கு ஒருநாள் சராசரி என்று, பழையது பழையதாக ஆக அதன் நுட்பத்தைக் குறைத்துக்கொண்டே போவது. ஓட்டிகர் இந்தக் கருத்தையே தனியே பிரித்தெடுத்து, 1999ஆம் ஆண்டில் ஆர்.ஆர்.டி.டூல் என்ற கருவியாக வெளியிட்டார். அதில் தரவுக் கோப்பு பிறக்கும்போதே அதன் அளவு நிர்ணயமாகிவிடும். சுழலும் ராட்டினத்தில் இருக்கை காலியாகும்தோறும் புதியவர் ஏறுவதுபோல, பழைய எண் இருந்த இடத்தில் புதிய எண் வந்து அமரும். கோப்பு ஒருபோதும் பெருக்காது. ஆனால் எதைச் சராசரியாகச் சுருக்குவது, எதை உச்சமாகச் சுருக்குவது என்பதையும் பிறக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உச்சத்தைக் காக்கும்படி தொடக்கத்திலேயே சொல்லாதவர், ஆறு மாதம் கழித்து வந்து, அன்றிரவு எழுந்த உச்சம் எவ்வளவு என்று கேட்டால், விடை சொல்ல அங்கே எதுவும் மிஞ்சியிராது.

இந்த ஞாபகக் கலை உச்சிக்குப் போனது கிராஃபைட் என்ற கருவியில். அமெரிக்காவின் ஆர்பிட்ஸ் என்ற பயணச்சீட்டு நிறுவனத்தில், 2006ஆம் ஆண்டில் கிறிஸ் டேவிஸ் என்பவர் இதைத் தொடங்கினார். 2008ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதைத் திறமூல மென்பொருளாக உலகுக்கு அளித்தது. இதன் சர்வரில், எந்த அளவை எவ்வளவு நுட்பமாக எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கென்றே தனியாக ஓர் ஏடு உண்டு. அதில் ஒரு வரி இப்படி அமையலாம்: பத்து வினாடிக்கு ஓர் எண்ணாக 6 மணிநேரம்; ஒரு நிமிஷத்துக்கு ஓர் எண்ணாக 7 நாள்; பத்து நிமிஷத்துக்கு ஓர் எண்ணாக 5 ஆண்டு. கணக்குப் போட்டால் முதலாவதில் 2160 எண்கள், இரண்டாவதில் 10,080, மூன்றாவதில் 2,62,800. ஆக 2,75,040 எண்கள். ஓர் எண்ணுக்கு 12 பைட் என்பது அதன் விதியாதலால், ஒரே ஓர் அளவுக்கு ஏறத்தாழ 33 லட்சம் பைட் வேண்டும். அது முதல் நாளே முழுவதுமாக ஒதுக்கப்பட்டுவிடும். பத்தாயிரம் அளவுகளைச் சேகரிக்கும் நிறுவனத்துக்கு இந்த ஒற்றை வரி 33 ஜி.பி. வட்டைக் கேட்கும். நகரத்தில் மனை வாங்குகிறவர் அடிக்கணக்கை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்ப்பாரோ, அவ்வளவு ஜாக்கிரதை இந்த வரிக்கும் வேண்டும் என்பது வெளிப்படை.

இன்னும் நுட்பமான இரண்டு விஷயங்கள் உண்டு. அந்த ஏட்டில் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் எது பொருந்துகிறதோ அதுவே செல்லும். பொதுவிதியை மேலேயும் விசேஷ விதியைக் கீழேயும் எழுதியவருக்கு விசேஷ விதி என்றைக்கும் பயன்படாது. அன்றியும், விதியை இன்று மாற்றினால் நாளை பிறக்கும் கோப்புகளுக்கே அது செல்லும். முன்பே பிறந்துவிட்ட கோப்புகள் தாம் பிறந்த நாளின் விதியையே பற்றிக்கொண்டிருக்கும், அவற்றைத் தனியே ஒரு கருவி கொண்டுதான் திருத்தி அமைக்க வேண்டும். சுருக்கும் முறையிலும் இப்படியே ஒரு கண்ணி உண்டு. பத்து வினாடிக்கு ஐந்து ஆணை வீதம் ஒரு கடைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு முப்பது ஆணை ஆகிறது. ஆனால் கிராஃபைட் வழக்கமாகச் சராசரியாகவே சுருக்கும் ஆதலால், எண்ணிக்கைகளைக் கூட்டித்தான் சுருக்க வேண்டும் என்று ஏட்டில் தனியே எழுதாவிட்டால், ஒரு நாள் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த நிமிஷத்தில் ஐந்து ஆணை மட்டுமே தெரியும். வியாபாரம் ஆறில் ஒரு பங்காகக் குன்றிவிட்டது என்று அவர் மனம் கலங்கினால், அந்தக் கலக்கத்துக்குக் காரணம் சந்தையன்று. எழுதப்படாத ஒரு வரி.

சரித்திரத்தின் அடுத்த திருப்பம் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்தது. கிராஃபைட்டின் ஆற்றல் பெரிதாயினும் அதில் படம் அமைப்பது எளிதாக இல்லை என்று கண்ட டோர்க்கல் ஓடகோர்ட் என்பவர், கிபானா என்ற மற்றொரு கருவியின் மூன்றாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, 2013ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புதிய கருவியை இயற்றத் தொடங்கி, 2014 ஜனவரியில் வெளியிட்டார். அதுவே கிராஃபானா. அதன் முதல் பதிப்புகளுக்குச் சொந்தமாகச் சர்வர் என்று ஒன்று கிடையாது என்பது இன்று அதை உபயோகிக்கும் பலருக்கு வியப்பைத் தரும். நிரல் முழுவதும் பார்ப்பவருடைய உலாவியில் ஓடியது. உலாவியே நேரில் சென்று கிராஃபைட்டைக் கேட்டது. அமைப்புகள் அனைத்தும் 'கான்ஃபிக்.ஜே.எஸ்.' என்ற ஒரே கோப்பில் இருந்தன.

அந்த எளிமையில் ஓர் அழகு உண்டு. ஓர் அபாயமும் உண்டு. பிற இடத்திலிருந்து வரும் உலாவி நிரலுக்கு விடை கொடுக்கலாம் என்று கிராஃபைட்டின் வலைச்சர்வரில் அனுமதி எழுத வேண்டியிருந்தது. பலர் வேலை எளிதாகட்டும் என்று, எவர் கேட்டாலும் கொடு என்னும் பொருளில் அங்கே ஒரு நட்சத்திரக் குறியை இட்டார்கள். அதற்கும் மேலாக, தரவு இருக்கும் இடத்தின் கடவுச்சொல்லை எழுத வேண்டி வந்தால், அதையும் அந்தக் கோப்பில்தான் எழுத வேண்டும். அந்தக் கோப்போ பார்ப்பவர் ஒவ்வொருவருடைய உலாவிக்கும் இறங்கிப் போவது. வீட்டுச் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே வருகிறவர்கள் நல்லவர்கள் என்று நம்புவது போன்றது இது.

டாஷ்போர்டு என்ற சொல்லின் பழைய பொருளை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மேல்நாட்டுக் குதிரை வண்டிகளில், குதிரையின் குளம்புகள் வாரி எறியும் சேறு ஓட்டுகிறவர்மேல் தெறிக்காதபடி, முன்புறத்தில் ஒரு பலகையை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பலகைக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. மோட்டார் வண்டி வந்தபின் அதே இடத்தில் வேகமானியும் பிறவும் குடியேறியதால், காப்பதற்கு நின்ற பலகை காட்டுவதற்கு நிற்கும் பலகையாயிற்று. 2015 ஏப்ரலில் வெளிவந்த கிராஃபானாவின் இரண்டாம் பதிப்பை நோக்கும்போது, அந்தப் பலகை தன் ஆதித் தொழிலை மீண்டும் ஏற்றுக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. கோ மொழியில் எழுதப்பட்ட சொந்தச் சர்வர் ஒன்று அதற்குக் கிடைத்தது. உலாவி இனித் தரவை நேரில் போய்க் கேட்க வேண்டியதில்லை. சர்வர் நடுவில் நின்று, கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கேட்டு வாங்கிக் கொடுத்தது. பார்ப்பவர், திருத்துபவர், நிர்வாகி என்று பயனர்களுக்குப் படிநிலைகள் உண்டாயின. காட்டும் தொழிலோடு காக்கும் தொழிலும் சேர்ந்தது.

காக்கும் தொழில் வந்ததும் ஏடு பெருத்தது. லினக்ஸ் சர்வரில் இ.டி.சி. என்ற அடைவுக்குள் இருக்கும் 'கிராஃபானா.ஐ.என்.ஐ.' என்ற கோப்பைத் திறந்தால், சதுர அடைப்புக்குள் தலைப்பிட்ட பல பகுதிகள் தென்படும்: சர்வர், தரவுத்தளம், பாதுகாப்பு, பயனர், பெயரறியாப் பார்வையாளர் என்பன போல. முதன்முதலாக இந்த வேலைக்கு வருகிறவர் இடறும் இடம் ஒன்றைச் சொல்லுகிறேன். இந்தக் கோப்பின் வரிகள் பெரும்பாலும் அரைப்புள்ளி இட்டே தொடங்கும். அரைப்புள்ளி முன்னே நின்றால் அந்த வரி வெறுங்குறிப்பு, கட்டளையன்று. புதியவர் 3000 என்ற போர்ட் எண்ணை அடித்துவிட்டு வேறு எண்ணை எழுதுவார், கோப்பைச் சேமிப்பார், சர்வரை மறுபடி தொடக்குவார், ஒன்றும் மாறியிராது. எழுதியதை மூன்று முறை படித்தும் பிழை காணாமல் திகைத்து நின்று, கடைசியில் வரியின் தலையில் மெல்லிய அந்தப் புள்ளியைக் கண்டு அதை நீக்கும்போதுதான் கதவு திறக்கும். இத்தொழிலில் பலருக்கும் முதற்பாடம் இதுவே.

80ஆம் எண் போர்ட்டை எழுதப் போகிறவருக்கு இரண்டாம் பாடம் காத்திருக்கிறது. 1024க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டுகள் முதன்மை நிர்வாகிக்கே உரியவை என்பது பெர்க்லி யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் மரபு. கிராஃபானாவோ அதிகாரம் குறைந்த தனிப் பயனரின் பெயரில் ஓடுவது. ஆகவே, என்ஜின்எக்ஸ் போன்ற மற்றொரு சர்வரை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களை அது உள்ளே 3000ஆம் வாசலுக்கு அனுப்பும்படி செய்வதே வழக்கமாயிற்று. அப்படிச் செய்தவர், வெளியுலகம் தன்னை எந்த முகவரியால் அழைக்கிறது என்பதைக் கிராஃபானாவுக்கும் எழுதிக்காட்ட வேண்டும். இல்லையேல் அது கொடுக்கும் இணைப்புகள் வழிதவறிப் போகும். ஐ.என்.ஐ. கோப்பில் ஒன்றிருக்க, கன்டெய்னர்களின் காலம் பிறந்தபின் பரவிய சூழல் மாறிகளில் வேறொன்று இருந்தால், சூழல் மாறி சொல்வதே செல்லும். ஒரே கேள்விக்கு இரண்டு இடங்களில் விடை இருக்கும்போது, எந்த இடத்துக்கு முதன்மை என்று தெரிந்திருப்பதே பாதி நிர்வாகம்.

எழுதாமல் விட்ட வரிகளும் பேசும். தரவுத்தளக் கடவுச்சொற்களைச் சங்கேதமாக்குவதற்கு ஒரு ரகசியச் சாவி அந்த ஏட்டில் இருக்கிறது; அதற்கு மென்பொருளோடு வரும் ஆரம்ப மதிப்பு எல்லாருக்கும் ஒன்றே, எல்லாரும் படிக்கக்கூடிய மூலநிரலிலேயே அது அச்சாகியிருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று அறிந்தும் ஒத்திப்போடுவது மனித இயல்பு. 2021 டிசம்பரில், கிராஃபானாவின் எட்டாம் பதிப்பு வரிசையில் ஒரு குறை வெளிப்பட்டது. முகவரியில் மேல் அடைவுக்குப் போகும் குறிகளைச் சேர்த்துக் கேட்டால், லாகின் செய்யாதவருக்கும் சர்வரிலுள்ள கோப்புகளைப் படிக்க முடிந்தது. அமைப்பு ஏடும், கிராஃபானா தன் கணக்கை வைத்திருக்கும் தரவுக் கோப்பும் அவற்றுள் அடக்கம். திருத்திய பதிப்புகள் அந்த மாதம் 7ஆம் தேதியே வெளிவந்தன. ஆயினும் இடைப்பட்ட நேரத்தில், சாவியை மாற்றிவைத்திராத சர்வர்களில், திருடப்பட்ட சங்கேதத்தை அவிழ்ப்பதற்கு ஊரறிந்த சாவியே போதுமானதாக இருந்தது. லெஸ்டர் காலத்துப் 'பப்ளிக்' என்ற சொல் வேறு வேஷத்தில் திரும்பி வந்ததை இங்கே காண்கிறோம். ஒரே கட்டடத்து நம்பிக்கையை உலகெங்கும் திறந்த வாசலுக்குப் பொருத்தினால் விளைவு இதுதான்.

அதற்கு முன்பே, 2018 மார்ச்சில் கிராஃபானாவின் ஐந்தாம் பதிப்போடு வந்த மாற்றத்தை இந்தச் சரித்திரத்தின் மிக நல்ல அத்தியாயமாக நான் கருதுகிறேன். அதுவரையில், எந்தத் தரவிடத்தோடு இணைவது, எந்த டாஷ்போர்டை வைத்துக்கொள்வது என்பன திரையில் சொடுக்கிச் சொடுக்கி அமைக்கப்பட்டு, சர்வரின் தரவுத்தளத்துக்குள் மறைந்து கிடந்தன. ஒருவர் மாற்றினால் யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது பிறருக்குப் புலப்படுவது அரிது. ஐந்தாம் பதிப்பு, இவற்றை யாமல் வடிவில் சாதாரண உரைக்கோப்புகளாக எழுதி ஓர் அடைவில் வைத்துவிட்டால், சர்வர் எழும்போதே படித்து அமைத்துக்கொள்ளும் என்ற வசதியைத் தந்தது. யாமல் இடைவெளிகளால் பொருள் சொல்லும் எழுத்து. தாவல் விசையால் இட்ட இடைவெளியை அது ஏற்காது. ஓரெழுத்து உள்ளே நகர்ந்தாலும் பொருள் மாறும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்த பலன் பெரிது. உரைக்கோப்பைக் கிட் களஞ்சியத்தில் வைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவர் பெயரும், நாளும், காரணமும் சேர்ந்து நிற்கும். மற்றொருவர் படித்து ஒப்புக்கொண்ட பின்பே அது நடைமுறைக்கு வரும்படி செய்யலாம்.

உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து வந்தது போல, ஏட்டுக்கும் சாட்சி வந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பயணத்தை ஒரே பார்வையில் நோக்கினால், கருவிகளின் அழகைவிட இந்த ஒரு முன்னேற்றமே என் மனத்தில் உயர்ந்து நிற்கிறது. ஆனால் களஞ்சியம் இடத்தைத்தான் தரும். காரணத்தை மனிதர்தான் எழுத வேண்டும். 'மாற்றம்' என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாக எழுதிவிட்டுப் போவதற்கு எந்தக் கருவியும் தடை சொல்வதில்லை.

ஆகையால் இந்தத் தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. 8000 என்று எழுதும்போது, அது 64 கிலோபிட் இணைப்புக்கான அளவு என்று அதன் மேல்வரியில் எழுதிவையுங்கள். ஐந்து ஆண்டு ஞாபகம் என்று எழுதும்போது, யார் கேட்டதால் ஐந்து ஆண்டு என்பதையும் எழுதிவையுங்கள். நள்ளிரவில், வரைபடம் வெறிச்சென்று கிடக்க, உங்களை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டு வருவார். இணைப்பு என்றைக்கோ விரிவாகிவிட்டதையும், இந்த எண் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டதையும், உங்களுடைய அந்த ஒரு வரிக் குறிப்பு அவருக்குச் சொல்லும். எண்ணைத் திருத்திக் கோப்பை மூடிவிட்டு அவர் உறங்கப் போவார்.